வயோமிங்கில் ஒரு கந்தோர்

8 செப்டெம்பர் 2024, ஞாயிறு

மல்லாவியில் நான் நடத்துகிற கொம்பியூட்டர் வகுப்பில் ஆறு இயந்திரங்கள். வேலை செய்பவை நாலரை. அந்த அரை, கீபோட்டில் பாதி எழுத்து விழாதது. ஏழாவதாக இப்போது ஒரு மடிக்கணினி. கனடா மச்சாள் போன வருடம் வந்தபோது "உனக்கு உதவும்" என்று விட்டுவிட்டுப் போனது. அதற்குள் ஒரு தேர்தல் விளையாட்டும் இருக்கிறதென்று பொடியங்கள்தான் கண்டுபிடித்தார்கள். எனக்குத் தெரியாது.

'த பொலிற்றிக்கல் மெசின்', 2016 பதிப்பு. ஸ்ரார்டொக் என்ற அமெரிக்கக் கொம்பனியின் வேலை. 2004 இல் தொடங்கி, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் புதிதாக ஒன்று செய்கிறார்கள். ட்ரம்ப், ஹிலாரி, சாண்டர்ஸ் எல்லாரும் தலை பெருத்த தலையாட்டிப் பொம்மைகளாக நிற்கிறார்கள். பார்த்த உடனே மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாதாரண தரப் பெறுபேறு எப்போது வருமென்று காத்திருக்கிற பிள்ளைகள், சிரிக்கட்டும் என்று விட்டேன்.

வெளியே ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு எங்கள் இலங்கை ஜனாதிபதித் தேர்தலும் ஓடுகிறது. இன்னும் 13 நாள்.

10 செப்டெம்பர், செவ்வாய்

மூன்று பேரையும் ஊர்ப் பெயரால்தான் எழுதப்போகிறேன். துணுக்காயான், வவுனிக்குளத்தான், யோகபுரத்துப் பிள்ளை. பிறகு வாசித்துவிட்டுச் சண்டைக்கு வரக்கூடாது.

துணுக்காயானுக்கு விளையாட்டு இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது. ஆட்டம் வாரம் வாரமாக நகருகிறது. ஒரு வாரத்துக்கு வேட்பாளரிடம் இவ்வளவுதான் தெம்பு என்று ஒரு கணக்கு இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் பறந்தால் அது குறையும். மேடையில் பேசினால் குறையும், காசு திரட்டினாலும் குறையும். தெம்பிருந்தால் காசில்லை, காசிருந்தால் தெம்பில்லை. அடிப்படை இவ்வளவுதான். அதற்கு மேலே கந்தோர் (பிரசார அலுவலகம்) திறக்கலாம், ரேடியோவிலும் ரிவியிலும் விளம்பரம் போடலாம், எதிராளியின் பெயரைக் கெடுப்பதற்கென்றே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு எடுத்து ஒரு மாநிலத்தில் இறக்கிவிடலாம். இந்தக் கடைசி விசயம் மூன்று பேருக்கும் பிடித்துப்போனதைச் சொல்லத் தேவையில்லை.

மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிற தேர்வாளர் வாக்கு மொத்தம் 538, 270 எடுத்தவர் ஜனாதிபதி. ஒரு மாநிலத்தில் ஒரு வாக்கால் முந்தினாலும் அந்த மாநிலம் முழுதாக அவருக்கு. (மெயினும் நெப்ராஸ்காவும் மட்டும் வேறு கணக்கு.)

"கலிபோர்னியாவில 55 கிடக்கு. நீ ஏன் அங்க ஒருக்காலும் போகேல்லை?" என்று கேட்டேன்.

"அது எங்கட கையில, ரீச்சர். போனாத் தெம்புதான் வீண்."

"அப்ப அங்கத்தைச் சனம்?"

"அதுகள் போடுங்கள்."

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான். பதினாறு வயது.

14 செப்டெம்பர், சனி

விளையாட்டைப் பற்றி மூன்று பேருக்கும் மூன்று அபிப்பிராயம்.

துணுக்காயானுக்கு இது முதல்தரம். சுடுகிற கேம் மாதிரிக் கை வேகம் தேவையில்லை, மூளை இருந்தால் போதும் என்கிறான். ஒகையோ, புளோரிடா, பென்சில்வேனியா என்று ஏழெட்டு இடத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறான். வெல்கிறான். நாலு தரம் தொடர்ந்து வென்ற பிறகு அவனே கொட்டாவி விட்டான். எதிரே விளையாடுகிற கணினிக்கு அவ்வளவு மூளை இல்லை என்பது அவன் குறை.

யோகபுரத்துப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. வேட்பாளருக்குக் கவர்ச்சிக்கு இத்தனை புள்ளி, நம்பகத்தன்மைக்கு இத்தனை புள்ளி என்று பிரித்துக் கொடுக்கும்போது தோற்றத்துக்கும் புள்ளி போடுகிறார்கள் என்பதில் அவளுக்குக் கோபம். "வடிவா இருந்தா வாக்கோ?" என்று கேட்டாள். ஓட்டோவில் போகிற சுவரொட்டியைப் பார்த்துவிட்டு அவளே பிறகு பேசாமல் இருந்துவிட்டாள்.

வவுனிக்குளத்தான் செய்ததுதான் கதை. அவனுக்கு அமெரிக்கப் படத்தில் நடுவில் கிடந்த ஒரு சதுரம் கண்ணில் பட்டிருக்கிறது. வயோமிங். தேர்வாளர் வாக்கு 3. சாண்டர்ஸை எடுத்துக்கொண்டு நேரே அங்கேதான் போனான். கந்தோர் திறந்தான். மேடை போட்டான், விளம்பரம் கொடுத்தான். அடுத்த வாரமும் அங்கேயே. துணுக்காயான் தலையில் அடித்துக்கொண்டான். "டேய், அது குடியரசுக் கட்சிக்காரன்ர கோட்டை. மூண்டு வாக்குக்கு ஆரடா கந்தோர் திறக்கிறது?"

"ஒருத்தரும் போறேல்லை எண்டுதானே போறன்."

படுதோல்வி. வயோமிங்கும் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே அவனுடைய வீதம் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்த எண்ணை எனக்குக் கூப்பிட்டுக் காட்டினான்.

18 செப்டெம்பர், புதன்

இன்று நள்ளிரவோடு பிரசாரம் ஓய்கிறது. பின்னேரம் கடைசி ஓட்டோவும் போய்விட்டது.

ஏற்றுக்கொள்ளப்பட்ட வேட்புமனுக்கள் 39, அதில் ஒருவர் இடையில் இறந்துவிட்டார். தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் அரியநேத்திரன் நிற்கிறார். துணுக்காயான் எங்கள் தேர்தலையும் விளையாட்டாகச் செய்யலாம் என்று கொப்பியில் படம் கீறத் தொடங்கியிருக்கிறான். கீறிக்கொண்டு போகத்தான் சிக்கல் தெரிந்தது. இங்கே மாநிலம் கிடையாது, தேர்வாளர் வாக்கும் கிடையாது. ஜனாதிபதித் தேர்தலுக்கு நாடு முழுவதும் ஒரே தொகுதி. முடிவைத்தான் 22 மாவட்டமாகப் பிரித்து வாசிக்கிறார்கள். மல்லாவி வாக்கும் மாத்தறை வாக்கும் ஒரே பெட்டிக்குள் விழுகிற மாதிரி.

"அப்ப இஞ்ச ஒருத்தரும் ஒரு இடத்தையும் விடேலாது," என்றான் வவுனிக்குளத்தான், சந்தோசமாக.

துணுக்காயான் விடவில்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் (மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்த்து, கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு) வாக்காளர் மூன்று இலட்சத்துச் சொச்சம். கம்பகாவில் மட்டும் 18 இலட்சத்துக்கு மேல். "தெம்பு ஒரு நாளுக்குத்தான் கிடக்கு. எங்க போவாய்?" என்று கேட்டான். மற்றவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

யோகபுரத்துப் பிள்ளை போனில் இன்னொன்று விளையாடுகிறாள். 'த கேம்பெயின் ட்ரெயில்' என்று பெயர். படம் பெரிதாக இல்லை, வெறும் எழுத்து, டேற்றாவும் அதிகம் தின்னாது. பழைய தேர்தல் ஒன்றைத் தெரிவுசெய்தால் கேள்வி கேட்கும், விடையில் ஒன்றைத் தட்டவேண்டும், கடைசியில் மாநிலம் மாநிலமாக எண்ணிக் காட்டும். 2000 ஆம் ஆண்டை எடுத்து அல் கோராக விளையாடித் தோற்றாள். உண்மையான கோர் நாடு முழுவதும் ஐந்து இலட்சத்துக்கு மேல் கூடுதலாக வாக்கு வாங்கியும், புளோரிடாவில் 537 வாக்கால் போனவர் என்று சொன்னேன். நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் பரவாயில்லை" என்றாள். எனக்கு இந்த விளையாட்டுத்தான் கூடப் பிடித்திருக்கிறது. இரண்டு விடையும் பிழையாகத் தெரிகிற இடத்தில் பிள்ளை அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிறாள். என்னுடைய ஆங்கில வகுப்பில் ஒரு நாளும் திறந்ததில்லை.

21 செப்டெம்பர், சனி

காலையில் அப்பாவோடு போய் வாக்குப் போட்டேன். ஆருக்கு என்று இங்கே எழுதமாட்டேன். நீளமான சீட்டு, மடிப்பதே ஒரு வேலை. அப்பா மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்து, சின்னத்தைப் பார்த்தே முடித்துவிட்டார்.

வரும் வழியில் வவுனிக்குளத்தானின் வயோமிங் கதையை அவருக்குச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தார்.

"2005 ஐ அதில விளையாடலாமோ?" என்று கேட்டார்.

அந்த வருடம் எனக்கு 17. புலிகள் புறக்கணித்த தேர்தல், எங்கள் பக்கத்தில் ஆரும் போகவில்லை. அப்பாவின் வாக்காளர் அட்டை அலுமாரியில், குடும்ப அட்டைக்குக் கீழே கிடந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான் விழுந்தது. மகிந்த ரணிலை வென்றது 1,80,786 வாக்கால். அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று இந்த ஊரில் இருக்கிற ஆருக்கும் நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

"அந்தமுறை நாங்கள் போகாததைத்தான் எண்ணிச்சினம்," என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்து விளையாட்டை ஒருமுறை முழுவதும் துழாவினேன். எதிராளியைத் திட்ட வழி உண்டு, ஆதரவை வாங்க வழி உண்டு. ஒரு மாகாணம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எதுவும் இல்லை. அமெரிக்காக்காரனிடம் அதைக் கேட்பதும் நியாயமில்லைதான்.

இரவு பத்து மணியிலிருந்து ஊரடங்கு.

22 செப்டெம்பர், ஞாயிறு

ஊரடங்கு மதியம் வரை நீண்டது. வகுப்பு இல்லை. ரேடியோவும் போனும்தான்.

எவருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. அநுர 42 வீதம், சஜித் 33 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1982 இல் தொடங்கி இன்றுவரை நடந்த எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் நடக்காதது நடந்தது: வாக்குச்சீட்டில் இரண்டாவதாகக் குறித்த ஆளுக்கான வாக்கை, அதாவது இரண்டாம் விருப்பை, எண்ணினார்கள். இரவு அநுர வென்றதாக அறிவித்தார்கள். வன்னியில் சஜித்தான் முதல். அநுர இங்கே எங்கேயோ பின்னால்.

யோகபுரத்துப் பிள்ளை செய்தி அனுப்பினாள்: "ரீச்சர், இரண்டாம் விருப்பு அந்த கேமில இருக்கோ?" இல்லை என்று எழுதினேன். "அப்ப எங்கட தேர்தல்தான் கஷ்டமான லெவல்" என்று பதில் வந்தது.

13 ஒக்டோபர், ஞாயிறு

மூன்று கிழமையாக எழுதவில்லை. பெறுபேறு வந்தது, மூன்று பேருக்கும் குறையில்லை. காலபோக விதைப்பு. வவுனிக்குளத்தான் தகப்பனோடு வயலில் நிற்கிறான், வகுப்புக்கு வருவதில்லை. மற்ற இருவரும் விளையாட்டை மறந்துவிட்டார்கள். கீபோட்டில் இன்னும் இரண்டு எழுத்துப் போய்விட்டது.

6 நவம்பர், புதன்

காலையிலிருந்து அமெரிக்க முடிவு. துணுக்காயான் ஒரு கிழமையாகத் தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தான். இந்தமுறை கலிபோர்னியாவுக்கு 55 இல்லை, 54 என்றெல்லாம் திருத்தி. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கொன்சின் மூன்றும் சேர்ந்தால் ஹாரிஸ் என்பது அவன் முடிவு. மூன்றும் ட்ரம்புக்குப் போயின. பின்னேரம் நாலு மணிபோல ட்ரம்ப் வென்றதாகச் சொல்லிவிட்டார்கள்.

தாளைக் கசக்குவான் என்று பார்த்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். "இடம் சரி ரீச்சர். ஆள்தான் மாறிட்டுது," என்றான். அதுவும் உண்மைதான். இரண்டு பேரும் கடைசிவரை சுற்றிச் சுற்றி நின்றது அவன் சொன்ன இடங்களில்தான்.

"வயோமிங்?" என்று கேட்டேன்.

"ட்ரம்புக்கு. அங்க போய் ஆர் நிப்பினம்?"

15 நவம்பர், வெள்ளி

நேற்றுப் பாராளுமன்றத் தேர்தல். இன்று முடிவு. வன்னியில் ஆறு ஆசனம், அதில் இரண்டை அநுரவின் தேசிய மக்கள் சக்தி எடுத்து முதலாவதாக வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அவர்கள்தான் முதல். எட்டுக் கிழமைக்கு முன் பின்னால் நின்ற கட்சி. சரியோ பிழையோ என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. சந்தைக்குள் மரக்கறி வாங்கப் போனால் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விளக்கம் சொல்கிறார்கள். நான் கேட்டது துணுக்காயானின் விளக்கம்.

அவனுக்கு விளக்கமே இல்லை, ஆத்திரம்தான். விளையாட்டில் ஒரு மாநிலம் நிறம் மாறுவதென்றால் வாரக்கணக்கில் காசைக் கொட்டவேண்டும், கந்தோர் திறக்கவேண்டும், ஆளிறக்கவேண்டும். சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். இப்படி எட்டுக் கிழமையில் தலைகீழாகப் புரளாது. "இப்பிடி நடந்தா கேம் பிழை எண்டெல்லோ சொல்லுவினம்," என்றான். இவ்வளவு நாளில் அந்த விளையாட்டைப் பற்றி அவன் சொன்ன முதலாவது குறை இது என்று நினைக்கிறேன். மூளையில்லாத எதிராளியைக் கணக்கில் எடுக்கவில்லை.

வவுனிக்குளத்தான் இன்றுதான் திரும்ப வந்தான், காலில் இன்னும் சேறு. மழை பிடித்து, ஐந்து மணிக்குக் கரண்டும் போய்விட்டது. நாலரை இயந்திரமும் படுத்துவிட்டன. மடிக்கணினியில் மட்டும் பற்றரி கொஞ்சம் இருந்தது. தன்னுடைய பழைய ஆட்டத்தைத் திறந்தான். செப்டெம்பரில் தோற்ற பிறகு எனக்குத் தெரியாமல் இன்னொன்று தொடங்கிப் பாதியில் வைத்திருக்கிறான். அதே சாண்டர்ஸ், அதே சதுரம்.

"வீட்டை போகேல்லையோ? இருட்டுது," என்றேன்.

"மூண்டு கிழமைதான் மிச்சம், ரீச்சர். காசும் கிடக்கு."

பற்றரி 11 வீதம். யோகபுரத்துப் பிள்ளை தன்னுடைய போன் வெளிச்சத்தைக் கீபோட்டுப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். துணுக்காயான் தோளுக்கு மேலால் எட்டி, விளம்பரத்துக்குக் கொடுக்காதே, ஒரு மேடை போடு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.