பவர் மீற்றரா, சில்லா? ஒண்டை வாங்கி மூண்டு மாசம் ஓடிப் பாத்தாச்சு

கையில இருந்த காசுக்கு ஒண்டுதான் வாங்கலாம், சைக்கிளுக்கு 50 மில்லிமீற்றர் ஆழமான ரிம் உள்ள காபன் சில்லு சோடியா, இல்லாட்டி மிதிக்கிற பலத்தை வாட்டில அளக்கிற பவர் மீற்றரா எண்டு மாசக்கணக்கா இதே யோசினைதான். 2022ல பெற்றோல் இல்லாமல் கொழும்பே வரிசையில நிண்ட நேரம், வேலைக்குப் போக வேற வழியில்லாமல் சைக்கிள் ஓடத் துவங்கினனான், பிறகு விட மனமில்லை. இப்ப கிழமைக்கு நாலு நாள் விடிய நாலே முக்காலுக்கு வெள்ளவத்தையில இருந்து வெளிக்கிட்டு மரைன் டிரைவால கொள்ளுப்பிட்டி வரைக்கும் போய்ப் போய் வாறது, ஞாயிறெண்டால் பத்தரமுல்லையில தியவன்னா ஓயாப் பக்கம். சைக்கிள் அலுமினிய பிறேம், ரிம்மையே கட்டை அழுத்திப் பிடிக்கிற ரிம் பிறேக், ஷிமானோ 105 கியர்.

உண்மையைச் சொன்னால் முதல் ஆசை சில்லுதான். பக்கத்தால ஒருத்தர் காபன் சில்லில போகேக்க வாற அந்த 'வூம்' சத்தத்தைக் கேட்டால் ஆருக்கும் ஆசை வரும். ஆனால் கணக்குப் பாத்தால் வேற மாதிரி. காத்தைக் கிழிக்கிறதுக்குத் தேவைப்படுற சக்தி வேகத்தின்ரை மும்மடிக்கு ஏறும், அதால ஆழமான ரிம் மிச்சம் பிடிக்கிற வாட் எல்லாம் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல ஓடுறவைக்குத்தான் பெரிசாத் தெரியும், நான் தனிய ஓடுறது 30, 32, அந்த வேகத்தில அந்த லாபம் பாதியும் இல்லை. பாரம் 400 கிராம் குறையுமாம், நானும் சைக்கிளும் தண்ணிப் போத்தலும் சேர்த்து 84 கிலோ, அதில 400 கிராம் அரை வீதமும் வராது, கொழும்பில ஏத்தமும் இல்லை. மழைக்குள்ள காபன் ரிம்மில பிறேக் பிடிக்கிற பயம் வேற.

எண்டாலும் மனம் கேக்காமல் ஒரு பழைய சோடியைப் போய்ப் பாத்தனான். வித்தவர் புதுசு மாதிரி எண்டவர். நான் கையோட கொண்டு போன சின்ன ஸ்டீல் அடிமட்டத்தை பிறேக் படுற இடத்தில நிமித்தி வைச்சு வெளிச்சத்தில பிடிச்சன், பிறேக் பட்டுத் தேஞ்சு நடுவில நல்லாப் பள்ளம், வெளிச்சம் பிறை மாதிரித் தெரிஞ்சுது. அவ்வளவுதான், கும்பிட்டுப்போட்டு வந்திட்டன். ஆரும் பழைய ரிம் பிறேக் சில்லு வாங்கிறதெண்டால் தயவுசெய்து இதைப் பாத்திட்டு வாங்குங்கோ.

அந்தக் காசில கொஞ்சத்துக்கு ரயர் மட்டும் மாத்தினன். பழைய கம்பி ரயரைக் கழட்டி கொன்ரினென்ரல் ஜிபி5000, 25 மில்லிமீற்றர், காத்தும் 110 பிஎஸ்ஐயில இருந்து 85க்குக் குறைச்சாச்சு, காலி வீதி மான்ஹோல் மூடிக்கு மேலால போகேக்க வாற அந்த இடி இப்ப கைக்கு வாறதில்லை. காபன் சில்லு தாறதை விட எனக்கு இது கூடத் தந்தது எண்டுதான் நினைக்கிறன்.

பவர் மீற்றரில மூண்டு வழி இருந்தது. பெடல், அசியோமாவோ கார்மின் ரலியோ, ரெண்டு காலையும் அளக்கும், ஒரு சைக்கிளில இருந்து மற்றதுக்கு லேசா மாத்தலாம், விலைதான் எட்டாது. சில்லின்ரை நடுக் குடத்துக்குள்ளயே மீற்றர் இருக்கிற பழைய பவர்ரப் ஹப் ஒண்டும் வந்தது, சில்லும் மீற்றரும் ஒண்டாவே கிடைக்குமே எண்டு ஆசைப்பட்டன், ஆனால் 2019ல ஸ்ராம் கொம்பனி பவர்ரப்பை வாங்கினது, இப்ப அந்த ஹப் செய்யிறதே இல்லை, பழுதானால் சாமான் தேடி ஆர் அலையிறது. கடைசியா எடுத்தது மீற்றர் ஒட்டின இடப்பக்கக் கிராங், அதாவது பெடல் பூட்டுற கை, ஃபோர் ஐஸ் (4iiii), கனடாக் கொம்பனி. மச்சான் ரொறொன்ரோவில இருந்து வரேக்க கொண்டு வந்தவர். இது இடக்காலை மட்டும் அளந்து ரெண்டால பெருக்கும், வலக்கால் பலம் கூடினால் கணக்குப் பிழைக்கும், களைச்ச பிறகு ரெண்டு காலும் ஒரே மாதிரி மிதிக்கவும் மாட்டுது. ஆனால் நான் பாக்கிறது என்ரை போன மாசத்தோட என்ரை இந்த மாசத்தை, அதுக்கு இது காணும்.

பூட்டினது நானே. 5 மில்லிமீற்றர் அலன் கீயால ரெண்டு போல்ட்டையும் மாறி மாறித் தளர்த்தி, நடுவில இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழட்டி, சின்ன பிளாஸ்டிக் தகட்டை நகத்தால நெம்பினால் கிராங் கையோட வருது. உள்ளுக்குப் பாத்தால் பல்லுக்குள்ள எல்லாம் வெள்ளையா உப்பும் மணலும். பழைய பல்துலக்கியால உரஞ்சித் துடைச்சு, புதுசை ஏத்தி, டோர்க் ரெஞ்சால 12 நியூட்டன் மீற்றர். உள்பக்கம் கிராங் நீளம் 170 மில்லிமீற்றர் எண்டு அடிச்சிருக்கும், வலப்பக்கமும் அதே நீளம்தானோ எண்டு பாக்க வேணும். பற்றரி வெறும் சிஆர்2032, மணிக்கூட்டுக் கடையில கிடைக்கும்.

முதல் கிழமையே விளங்கின விசயம், நான் 'லேசா ஓடுறன்' எண்டு நினைச்ச நாள் எல்லாம் 190 வாட்டில ஓடியிருக்கிறன். தியவன்னாப் பக்கம் 20 நிமிசம் ஏலுமான அளவு மிதிக்கிற சோதினை செய்தன், சராசரி 218 வாட், அதில 95 வீதம் எண்டால் 207, கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் தாங்கக்கூடிய அளவு. அப்ப லேசான நாளும் எனக்குக் கஷ்ட நாள்தான், அதாலதான் வியாழக்கிழமை கால் ரெண்டும் கல்லு மாதிரி. இப்ப லேசான நாளில 120, 140க்கு மேல போக விடுறதில்லை, பக்கத்தால பள்ளிக்கூடப் பெடியள் முந்திப் போனாலும் போகட்டும். இதயத்துடிப்பைப் பாத்து ஓடினதும் பிழைதான், எங்கட வெக்கைக்குள்ள அதே 140 வாட்டுக்கு முதல் அரை மணித்தியாலம் 128 அடிக்கிறது ஒண்டரை மணித்தியாலத்தில 145க்கு ஏறுது. முந்தி அதைப் பாத்து எனக்கு ஏலாது எண்டு நினைச்சுத் திரும்பி வந்த நாள் எத்தினை.

மே கடைசியில தென்மேற்குக் காத்துத் துவங்கின பிறகு மரைன் டிரைவில போகேக்க மணிக்கு 33 கிலோமீற்றர், வெள்ளவத்தைக்கு எதிர்காத்தில திரும்பேக்க 26, ரெண்டும் அதே 180 வாட். முந்தி அந்த 26ஐப் பாத்து மனம் விட்டிடும்.

எட்டாவது கிழமை திரும்பச் சோதினை, 233, கணக்குக்கு 221. வெளிக்கிட முதல் ஒவ்வொரு நாளும் இடக் கிராங்கைக் கீழ விட்டு, காலை எடுத்து, பாரமில்லாத நேரம் மீற்றர் பூச்சியம் காட்டுற மாதிரி சீரோ பண்ணுறன், வந்தவுடன ஈரத்துணியால உப்பைத் துடைக்கிறன். பின் சில்லு ஹப்பில கரகரப்பு வந்திட்டுது, கடைக்கார அண்ணை கழட்டிப் பாத்திட்டு "தம்பி, கிறீஸ் போட்டால் இன்னும் ஒரு வருசம் ஓடலாம்" எண்டவர், போட்டாச்சு. அடுத்த சோதினை ஓகஸ்ட் முதல் ஞாயிறு, அதே ரோட்டு, அதே ரயர், அதே 85.