தேர் பார்க்காமலா?

மாசி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மதியம் லாரி வருவதாக ஏற்பாடு. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் நாங்கள் 31 வருடம் குடியிருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். எங்களுக்கு மேடவாக்கத்தில் வீடு அமைந்தது. பக்கம்தானே என்கிறார்கள் எல்லாரும். கோயில் மணி காதில் விழுகிற பக்கம் வேறு, பஸ் ஏறிப் போகிற பக்கம் வேறு. அதை யாரிடம் சொல்ல?

காலையில் குளித்துவிட்டு முதலில் கோலவிழி அம்மனிடம் போனேன். இந்த ஊரின் காவல் தெய்வம். கபாலிக்குப் பங்குனிப் பெருவிழா என்றால்கூட முதல் பூஜை இவளுக்குத்தான். ஊருக்குள் வந்தாலும் ஊரை விட்டுப் போனாலும் அவளிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பார் என் மாமியார். சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் கபாலீஸ்வரர் கோயில். கிழக்குக் கோபுர வாசலில் நுழைந்ததும் நர்த்தன விநாயகருக்கு ஒரு குட்டு. இங்கே சுவாமி மேற்கு பார்த்தவர் என்பதால், இந்த வழியில் வருகிறவர்கள் பாதிப் பிராகாரம் சுற்றித்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியும். அன்று அந்தச் சுற்று பிடித்திருந்தது. கற்பகாம்பாளிடம் ஏதேதோ கேட்க நினைத்துப் போனவள், கற்பூர ஆரத்தி காட்டியபோது, "கேஸ் கனெக்‌ஷன் மாற்றியாச்சா" என்று யோசித்துக்கொண்டு நின்றேன். 31 வருடப் பழக்கம், அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

அம்பாள் மயிலாக வந்து பூஜித்த புன்னை மரத்தைச் சுற்றிவிட்டு, பூம்பாவை சன்னதியில் நின்றேன். எத்தனையோ நாள் அவசரமாகக் கடந்து போன சன்னதி. சிவநேசர் என்கிற மயிலை வணிகரின் மகள் அவள். பாம்பு தீண்டி இறந்தவளின் சாம்பலையும் எலும்பையும் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் அப்பா. ஞானசம்பந்தர் வந்து பதிகம் பாடினார். எழுந்திரு என்று அவர் பாடவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, "காணாதே போதியோ பூம்பாவாய்" என்று கேட்கிறார். பத்துப் பாட்டிலும் இதே கேள்வி. குடத்திலிருந்து பெண் எழுந்து வந்துவிட்டாள். மயிலாப்பூர்க்காரி, திருவிழா என்றால் வராமல் இருப்பாளா?

வாய்விட்டுப் பாட ஆரம்பித்தேன். தைப்பூசம் வரைக்கும் குரல் வந்தது. பங்குனிக்கு வரவில்லை.

மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். லஸ் பக்கமிருந்து மெட்ரோ வேலைச் சத்தம். எழுந்து, வழக்கமாக வாங்கும் பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் கதம்பம் கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அளந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"இன்னா மாமி, தேர் பாக்காமயா போறே?"

சம்பந்தர் கேட்டதும் அதேதான். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

பங்குனிப் பெருவிழாவில் எனக்கு ஏழாம் நாள் தேரைவிட எட்டாம் நாள் அறுபத்துமூவர்தான் பெரிசு. காலையில் பூம்பாவை உயிர் பெறும் ஐதீகம், மதியத்துக்கு மேல் நாயன்மார்கள் அத்தனை பேரும் மாட வீதிக்கு வருவார்கள். பதிகத்தின் முதல் பாட்டே அடியார்களுக்கு அன்னம் இடுவதைப் பற்றியது. அது இன்றைக்கும் நடக்கிறது. புளியோதரையும் தண்ணீரும் வாங்காமல் அந்தக் கூட்டத்தைத் தாண்ட முடியாது. எங்கள் பங்கு நீர்மோர். வாசலில் பெரிய அண்டா வைத்து, தீரும்வரை ஊற்றுவோம். இந்த வருஷம் வாசலே இருக்காது. அண்டாவும் காலையில்தான் சாக்கில் சுற்றிக் கட்டியாகிவிட்டது.

இதைச் சொன்னதும் அவள் பூவை இலையில் மடித்துக் கையில் கொடுத்தாள்.

"அண்டாவ லாரில ஏத்தாத. எங்கூட்ல கெடக்கட்டும். எட்டாம் நாளு தயிர் மட்டும் எடுத்துக்கினு வா, இங்கயே வச்சு ஊத்தலாம். இஞ்சி நான் வாங்கிக்கிறேன்."

வீட்டுக்குப் போனால் லாரி வந்து நின்றிருந்தது. சாக்கு மூட்டை ஏற்கெனவே மேலே ஏறியிருந்தது. இறக்கச் சொன்னேன்.