பண்டிகை முடியட்டும்

ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. வேலை தருகிறோம் என்று அதன் எச்.ஆர். அனுப்பிய மெயிலில் கடைசி வரி இது: அக்டோபர் 5, புதன்கிழமைக்குள் உங்கள் முடிவைத் தெரிவிக்கவும். காலண்டரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே இஸ்ரேலில் அன்றைக்கு யோம் கிப்பூர், யூதர்கள் பட்டினி கிடந்து பிழை பொறுக்க வேண்டும் நாள், நாடே கதவைச் சாத்திக்கொள்ளும். அங்கே விஜயதசமி. கெடு வைத்தவருக்கே அன்று லீவு.

இரண்டும் ஒரே நாளில் வந்ததை முதலில் ஏதோ அதிசயம் என்று நினைத்தேன். அப்புறம் விரல் விட்டு எண்ணினால் விஷயம் எளிது. மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்கி, பத்தாம் நாள் தசமி. யூதர்களின் திஷ்ரே மாதமும் அமாவாசையை ஒட்டிப் பிறப்பதுதான். அதில் பத்தாம் நாள் யோம் கிப்பூர். அவர்களும் நம்மைப் போலவே அவ்வப்போது ஓர் அதிக மாதத்தைச் செருகிக்கொள்கிறவர்கள். செருகும் வருடம் சில சமயம் ஒத்துப்போகாது. போன வருடம் யோம் கிப்பூர் செப்டம்பர் 16, விஜயதசமி அக்டோபர் 15. இந்த 2022இல் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

ஆராய்ச்சிக்காக இந்த ரெஹோவோத் ஊருக்கு வந்து எனக்கு மூன்று வருடம் ஆகப்போகிறது. செப்டம்பர் பிறந்தால் இங்கே எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: 'அஹரே ஹஹகிம்', பண்டிகைகளுக்குப் பிறகு. வருடப் பிறப்பான ரோஷ் ஹஷனாவில் ஆரம்பித்து யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹத் தோரா என்று மூன்று வாரத்துக்கு மேல் ஓடும். குழாய் ரிப்பேர்காரர் அஹரே ஹஹகிம். பல் டாக்டர் அஹரே ஹஹகிம். பல்கலைக்கழக செமஸ்டரே அதற்குப் பிறகுதான் தொடங்கும். என் புரொபசரிடம் வேலை மாறுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நானும் மூன்று வாரமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். அவரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். காரைக்குடியில் பிஎச்.டி. முடித்துவிட்டு, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரி கம்பெனியில் நான்கு வருடம் இருந்தேன். லித்தியம் செல் செய்யும் பைலட் லைன், அதாவது சோதனை அளவு உற்பத்தி வரிசை. அதன் உயிர் ட்ரை ரூமில், ஈரமே இல்லாத அறையில், இருக்கிறது. காற்றின் பனிநிலை (அதிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் ஏறினாலும் எலக்ட்ரோடு போச்சு. அதனால் ஆயுத பூஜைக்குக்கூட அதை நிறுத்த மாட்டார்கள். குங்குமம் உள்ளே போகக்கூடாது, தூள் பறக்கும். வெளிக்கதவில் சந்தனம் வைத்து, கன்ட்ரோல் பேனலில் சரஸ்வதி படத்தை லேமினேட் செய்து ஒட்டிவைத்திருந்தோம். பூசணிக்காய் உடைத்தது கார் பார்க்கிங்கில்.

2018 ஆயுத பூஜை இரவு நான் ஷிப்டில் இருந்தேன். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் இருந்தது ஒன்றே ஒன்று, அது நின்றுவிட்டது. விடிவதற்குள் மூன்று நாள் பூசிய எலக்ட்ரோடு ஃபாயில் அத்தனையும் குப்பை. மேலே இருந்தவர்கள் என்னைக் காய்ச்சினார்கள். நான் ஷிப்ட் ஆபரேட்டரைக் காய்ச்சினேன், அதுவும் பொரி கடலை வாங்க வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும். அவர் பனிநிலை ஏறுகிறது என்று எனக்கு இரண்டு தடவை போன் பண்ணியவர் என்பது வேறு விஷயம். டிசம்பரில் ராஜினாமா. இனிமேல் கம்பெனி வாசலை மிதிக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியமே செய்தேன். அம்மா, "மிதிக்காட்டிப் போ, மொதல்ல சாப்பிடு" என்றாள்.

ஆராய்ச்சிக்கு வந்தால் நிம்மதி என்று யார் சொன்னது? இங்கே ஷிப்ட் கிடையாது, அதனால் ஷிப்ட் முடிவதும் கிடையாது. வருவது உதவித்தொகை. பி.எஃப். என்ற பேச்சே இல்லை. அதைவிட ஒன்று: அங்கே நூற்றுக்கணக்கான மீட்டர் ஃபாயில் கண் முன்னால் ஓடும், இங்கே என் உலகம் 12 மில்லிமீட்டர் வட்டத் துண்டு. அதை ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கை விட்டு, காசு அளவு உறையில் வைத்து மூடி, அதற்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். அந்த லைன் சத்தத்துக்கு ஏங்குவேன் என்று நினைக்கவே இல்லை. (இந்த ஊர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பெயர் தந்த வைஸ்மனும் இரண்டு பக்கமும் நின்றவர்தான். மான்செஸ்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வேதியியல்காரர், முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு வேண்டிய அசிட்டோனை பாக்டீரியாவை வைத்துத் தொழிற்சாலை அளவில் எடுக்க வழி காட்டினார்.)

எங்கள் புரொபசர் கிப்பா என்ற சின்னத் தொப்பி போட்டவர், யூதர்களின் வார ஓய்வு நாளான சப்பாத்தை நூல் பிசகாமல் கடைப்பிடிப்பவர். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை போன், கணினி எதையும் தொட மாட்டார். ஆனால் செல்களில் சார்ஜ் ஏற்றி இறக்கும் சைக்ளர் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இது எப்படி நியாயம் என்று ஒருநாள் கேட்டேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வழக்கு என்றார். மையும் சாயமும் ஊறப்போடுவது, மீனுக்கு வலை விரிப்பது, இவற்றைச் சப்பாத்துக்கு முன்பே தொடங்கிவிட்டால் சப்பாத்தில் அது தானாக நடக்கலாமா? அந்தக் கால யூத குருமார் இருவரில் ஷம்மாய் வழியினர் கூடாது என்றார்கள். ஹில்லேல் வழியினர் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கியதென்றால் நடக்கட்டும் என்றார்கள். ஹில்லேல் கட்சிதான் ஜெயித்தது. "அவர்கள் ஜெயித்ததால்தான் உனக்கு டேட்டா கிடைக்கிறது" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் ஒவ்வொரு மேசையாக வந்தார். யோம் கிப்பூருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்பது வழக்கம். கடவுளுக்குச் செய்த பிழையை அந்த நாள் தீர்க்கும். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரைச் சமாதானப்படுத்தாமல் தீர்க்காது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. என்னிடம் வந்து நின்று, "மார்ச் மாதக் கூட்டத்தில் உன் முடிவுகளைக் குப்பை என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன், அதனால் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்" என்றார். எனக்கு வாயில் வந்தது தமிழில் "பரவால்ல சார்". இங்கே யாரும் யாரையும் சார் போடுவதில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்று ஐந்து மணிக்குப் புது செல் ஒன்றை சைக்ளரில் மாட்டினேன். முதல் 12 மணி நேரம் எதுவும் செய்யாமல் விட வேண்டும், எலக்ட்ரோலைட் உள்ளே ஊறுவதற்கு. அப்புறம் பத்து மணி நேரம் மெதுவாகச் சார்ஜ், பத்து மணி நேரம் டிஸ்சார்ஜ். அதற்குள் அம்மா போன்: "இன்னிக்கு சரஸ்வதி பூஜைடி, புஸ்தகத்தத் தொடாத." தொடுவதற்கு இங்கே எதுவும் திறந்திருக்கவில்லை.

சாயங்காலம் தெருமுனை ஜெப ஆலயத்துக்குப் போய் வெளி முற்றத்தில் நின்றேன். வெள்ளை உடையும் காலில் ரப்பர் செருப்புமாகக் கூட்டம். தோல் காலணி அன்று கூடாது. கோல் நித்ரே பாடினார்கள், அரமேய மொழியில். செய்த, செய்யப்போகிற சத்தியங்களை எல்லாம் ரத்து செய்யும் பாட்டு. முன்பே புரொபசர் எச்சரித்திருந்தார்: கடவுளிடம் செய்த சத்தியத்துக்கு மட்டும்தான் செல்லும், கம்பெனிக்குப் போட்ட கையெழுத்துக்குச் செல்லாது. அம்மாவிடம் செய்தது எந்தக் கணக்கில் வரும் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் ஹெர்சல் தெருவில் ஒரு கார் இல்லை. சட்டம் தடுக்கவில்லை, யாரும் ஓட்டுவதில்லை, அவ்வளவுதான். பஸ் போகும் தடத்தில் சைக்கிளும் ஸ்கேட்டுமாகப் பிள்ளைகள். விமானமும் இல்லை, டி.வி.யும் இல்லை. நடுரோட்டில் நடந்துகொண்டே அந்த ஆபரேட்டருக்குப் போன் பண்ணினேன். நான்கு வருடம் கழித்து.

"மேடமா! வெளிநாட்டு நம்பரு, யாரோன்னு பாத்தேன்."

சொல்ல வந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதெல்லாம் மறந்தே போச்சு மேடம்" என்றார். மறக்கவில்லை என்பது அடுத்த வரியில் தெரிந்தது. "ஸ்டாண்ட்பை மெஷின் ஒண்ணு வேணும்னு ஜூன்லயே எழுதிக் குடுத்தேன். அது இருந்திருந்தா அன்னிக்கு நீங்களும் நானும் பூஜை சாப்பாடு சாப்ட்டுட்டுப் படுத்திருப்போம்."

ஏழு மணி சுமாருக்கு ஷோஃபார் ஊதுகிற சத்தம் வந்தது. ஆட்டுக்கொம்புதான், ஆனால் நீளமாக, மூச்சு தீரும்வரை. எட்டு மணிக்குப் புரொபசர் வீட்டுக்குப் போனேன். 25 மணி நேரப் பட்டினியை இப்போதுதான் முடித்தவர், பால்கனியில் சுக்கோத் பந்தலுக்கு முதல் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அன்றிரவே தொடங்கிவிடுவது ஐதீகமாம். என்னைப் பார்த்ததும், "செல் எப்படி?" என்றார். நானும் நாள் முழுக்கப் பார்க்கவில்லை. போனில் திறந்தேன். டிஸ்சார்ஜ் பாதி போயிருந்தது, கோடு வழுவழுவென்று இருந்தது.

வேலையைப் பற்றிச் சொன்னேன். ஆணியை வாயில் வைத்தபடி தலையை ஆட்டினார். "எனக்கும் வருகிற வருடம் ஷபாத்தோன்" என்றார். சப்பாத்திலிருந்து வந்த சொல். ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்தைத் தரிசு போடுவது போல, ஆசிரியருக்கு ஒரு வருடம். "நீ போ. பேப்பரை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ. இப்போது அந்த மூங்கிலைப் பிடி."

வியாழக்கிழமை காலை எச்.ஆருக்குப் பதில் எழுதினேன். சம்மதம் என்று எழுதவில்லை, ஒரே கேள்விதான்: உங்கள் ட்ரை ரூமுக்கு எத்தனை டீஹ்யூமிடிஃபையர்? சம்பளத்தைப் பற்றிக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. டெக்னிக்கல் டீமிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வெள்ளி மத்தியானம் பதில் வந்தது. இரண்டு. ஒன்று ஸ்டாண்ட்பை.