எஃப் ப்ளூஸிலிருந்து ஃப்ரீ ஜாஸ் வரை: ஆறு வாரப் பயிற்சிக் குறிப்பு

ப்ளூஸில் தொடங்கி, முன்கூட்டி வகுத்த கட்டமைப்பு இல்லாமல் வாசிக்கும் ஃப்ரீ ஜாஸுக்கு நாங்கள் நால்வர் ஆறு வாரத்தில் போன வழி இது. கருவிகள்: ஆல்டோ சாக்ஸபோன், ட்ரம்பெட், டபுள் பாஸ், ட்ரம்ஸ். பியானோவை வேண்டுமென்றேதான் விட்டோம். பியானோவில் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) விழுந்ததுமே எந்த ஸ்வரம் ஒட்டும், எது உறுத்தும் என்பது முடிவாகிவிடுகிறது. ஊதுபவர் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. 1959 மே 22 அன்று ஃப்ரீ ஜாஸின் முன்னோடியான சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் பதிவு செய்த ஆல்பத்திலும் டான் செரியின் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற சிறிய கருவி), சார்லி ஹேடனின் பாஸ், பில்லி ஹிக்கின்ஸின் ட்ரம்ஸ்தான் உடன் இருந்தன. பியானோ கிடையாது.

பழைய பாணியிலிருந்து ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் எடுப்பது என்று முறை வைத்தோம். இரண்டை ஒன்றாக எடுத்தால் சத்தம் கெட்டது எதனால் என்று பிடிபடாது.

முதல் வாரம் எதையும் எடுக்கவில்லை. 12 பார் ப்ளூஸ் (ஒரு பார் என்பது நான்கு அடி), டெம்போ நிமிடத்துக்கு 120 அடி. கார்டு வரிசை: எஃப்7 நான்கு பார், பி ஃப்ளாட்7 இரண்டு, எஃப்7 இரண்டு, சி7 ஒன்று, பி ஃப்ளாட்7 ஒன்று, எஃப்7 இரண்டு. ஆல்டோவும் ட்ரம்பெட்டும் எழுதிய ஸ்வரத்தை வேறு உயரத்தில் ஒலிப்பவை என்பதால், ஆல்டோவுக்கு இது டி ப்ளூஸ், ட்ரம்பெட்டுக்கு ஜி. ஊதுவதற்கு முன் வாயால் பாடிவிட வேண்டும். பாட வராத வரியை விரல் மட்டும் வாசித்தால் அது வெறும் பீபாப் (வேகமான பழைய ஜாஸ் பாணி) மனப்பாடம். பார் கணக்கை எடுத்ததும் அது நிற்காமல் விழுந்துவிடும்.

இரண்டாம் வாரம் பார் கணக்கை எடுத்தோம். சாக்ஸ் தன் வரியை முடிக்கும்வரை பாஸ் எஃப்-லேயே நடக்கலாம். ஒன்பது பாரோ, மூன்றரை பாரோ, கேள்வி இல்லை. இங்கேதான் அதிகம் சறுக்கியது. ஐந்தாவது பார் வந்ததும் பாஸ்காரரின் கை தானாக பி ஃப்ளாட்டுக்குப் போகிறது. அவரைத் திருத்தியும் பழைய நான்கு பார் கட்டம் போகவில்லை. பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது: ட்ரம்ஸ் நான்கு பாருக்கு ஒரு ஃபில் (பகுதி முடிவை அறிவிக்கும் சிறு உருட்டல்) போட்டுக்கொண்டே இருந்தது. ஃபில்லை முழுவதும் நிறுத்தி, தாளத்தை ஓட்டும் ரைடு சிம்பலும், இரண்டாம், நான்காம் அடியில் காலால் மூடும் ஹை-ஹாட் தட்டும் மட்டும் என்றாக்கினோம். அடுத்த டேக்கிலேயே (பதிவு முயற்சியிலேயே) பார் கோடு மறைந்தது. நகர்வதற்கு ஒரு சைகையும் வைத்தோம்: சாக்ஸ் நீளமாக பி ஃப்ளாட்டில் நின்றால் பாஸ் கூடப் போகும்.

மூன்றாம், நான்காம் வாரம் தனி சோலோவை எடுத்தோம். எல்லோரும் சேர்ந்தே இம்ப்ரொவைஸ் செய்வது, அதாவது அந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பது, நியூ ஆர்லியன்ஸின் பழைய வழக்கம்தான். அங்கே கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொள்ளும், கிளாரினெட் மேலே பின்னும், ட்ராம்போன் கீழே இழுக்கும். நம்மிடம் ஆல்டோவும் ட்ரம்பெட்டும் ஒரே ஸ்தாயிக்குள் மோதிக்கொண்டதால் எல்லாம் சேறானது. மெட்டு ட்ரம்பெட்டுக்கு, ஆல்டோ அதற்குக் கீழே, ட்ராம்போனின் வேலை என்று பிரித்தோம். ஒருவர் வேகமாகப் போனால் மற்றவர் நீள ஸ்வரம் பிடிக்க வேண்டும். இதற்குக் காதைப் பழக்க 1960 டிசம்பர் 21 அன்று கோல்மன் பதிவு செய்த இரட்டைக் குவார்டெட்டைப் (நால்வர் குழு இரண்டு ஒரே நேரத்தில் வாசிப்பது) போல உதவுவது வேறில்லை. சுமார் 37 நிமிடம். ஒரு குவார்டெட் இடது சேனலில், மற்றொன்று வலதில். ஹெட்ஃபோனில் இடது காதை மட்டும் வைத்து ஒரு தடவை, வலதை மட்டும் வைத்து ஒரு தடவை, பிறகு இரண்டும். எவ்வளவு ப்ளூஸ் உள்ளே இருக்கிறது என்பது அப்போது கேட்கும்.

ஐந்தாம் வாரம் மெட்டையும் தாளத்தையும் ஒட்டியிருந்த பசையை எடுத்தோம். 1959 ஆல்பத்தின் முதல் பாடலில் ரைடு சிம்பல் வேகமாக ஓட, ஊதுபவர்கள் அதற்கு மேல் மெதுவாக, தாளக் கணக்கில்லாமல் மெட்டை இழுப்பார்கள். அதே அமைப்பு: பாஸ்காரர் திறந்த டி கம்பியையும், ஜி கம்பியில் ஏ-வையும் சேர்த்து மீட்டுகிறார், ட்ரம்ஸ் 200, மெட்டு இஷ்டப்படி. மெட்டு தளர்ந்த இடத்திலெல்லாம் ட்ரம்ஸும் தளர்ந்தது, 200-ல் தொடங்கி 170-க்கு வந்துவிட்டது. காது மெட்டின் பின்னால் போவதுதான் காரணம். ட்ரம்மர் காதில் மெட்ரோனோம் வைத்து இரண்டு நிமிடம் தனியே ஓட்டிய பிறகே மற்றவர்கள் சேர வேண்டும். ஊதுபவர்கள் காலால் தாளம் தட்டக் கூடாது. தட்டினால் மெட்டு சிம்பலோடு ஒட்டிக்கொள்ளும், இழுவை செத்துவிடும்.

ஆறாம் வாரம் எல்லாம் சேர்த்து ஏழு நிமிட டேக். நடுப்பகுதி அருமையாக வந்தது. இரண்டாவது நிமிடத்தில் ட்ரம்பெட் ஒரு சாதாரண ப்ளூஸ் வரியைப் போட, ஆல்டோ அதையே அரை ஸ்வரம் தள்ளிப் பதிலாகச் சொன்ன இடம் பத்து தடவை கேட்கலாம். முடிவு மட்டும் தொங்கியது. பார் இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவராக ஓய, ட்ரம்ஸ் தனியாக நின்றது. கோல்மன் செய்வதுபோலத் தொடக்க மெட்டுக்கே திரும்புவது என்று வைத்தோம். ட்ரம்பெட் மெட்டின் முதல் மூன்று ஸ்வரத்தை உரக்க ஊதினால் எல்லோரும் மூச்செடுத்து நான்காவதில் சேர வேண்டும். மூன்றாவது முயற்சியில் சேர்ந்தது.