டனல் அப், நெல்லை டவுன்

போன மாதம் ஒரு நாள், இரவு ஒரு மணிக்கு மெயின்டனன்ஸ் விண்டோ (பராமரிப்பு வேலைக்கு ஒதுக்கிய நேரம்). எங்கள் நெட்வொர்க்கில் சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரை போகும் லிங்க் மாலையானால் திணறும். பெங்களூரு, கோவை வழியோ ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். ரௌட்டர்களுக்கு வழி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஓஎஸ்பிஎஃப்புக்கு நெரிசலெல்லாம் தெரியாது, காஸ்ட் குறைந்த வழியையே பிடித்துத் தொங்கும். சரி, சென்னையிலிருந்து மதுரை கோர் ரௌட்டருக்குக் பெங்களூரு, கோவை வழியாக ஒரு டிஇ டனல் (டிராஃபிக் இன்ஜினியரிங், நாமே வழி குறித்துப் போடும் பாதை) போட்டுவிடலாம் என்று முடிவு.

வழியிலுள்ள ரௌட்டர்களில் டிஇ ஆன் செய்து, எந்தெந்த ரௌட்டர் வழியாகப் போகவேண்டும் என்ற எக்ஸ்பிளிசிட் பாத்தை ஹாப் ஹாப்பாக எழுதினேன். டனல் எழவே இல்லை. கோவையில் ஒரு இன்டர்ஃபேஸில், டனலுக்கு இடம் ஒதுக்கும் ஆர்எஸ்விபியின் பேண்ட்வித் வரியை எழுதாமல் விட்டிருந்தேன். அதைப் போட்டதும் பாத் மெசேஜ் மதுரை வரை போய், ரெசர்வ் மெசேஜ் ஒவ்வொரு ரௌட்டரிலும் லேபிளை (பாக்கெட்டை எங்கே அனுப்புவதென்று சொல்லும் எண்) கொடுத்துக்கொண்டே திரும்பி வந்தது. டனல் அப். டிராஃபிக்கை டனலுக்குள் திருப்பிவிடும் ஆட்டோரூட் அனவுன்ஸும் கொடுத்தாயிற்று.

ஐந்தே நிமிடத்தில் போன்: மதுரைக்கு அப்பாலுள்ள நெல்லை வாடிக்கையாளரின் விபிஎன் மொத்தமும் டவுன்.

நெல்லை ரௌட்டரின் லூப்பேக்குக்கு (அதன் சொந்த முகவரி) பிங் ஜோராகப் போகிறது! அதுதான் என்னை அரை மணி நேரம் சுற்றலில் விட்டது. கடைசியில் சீனியரை எழுப்பினேன்.

"டனல் எங்கடா முடியுது?"

"மதுரையிலண்ணே."

"விபிஎன் லேபிளைக் கொடுத்தது யாரு?"

"நெல்லை..." என்று இழுக்கும்போதே உறைத்துவிட்டது. டனலின் லேபிளைக் கடைசிக்கு முந்தைய கோவையே கழற்றிவிடும். மதுரைக்குப் போய்ச் சேரும்போது மேலே இருப்பது நெல்லை கொடுத்த விபிஎன் லேபிள். மதுரைக்கு அது யாரென்றே தெரியாது, தூக்கி எறிகிறது. பிங் வெறும் ஐபி பாக்கெட், அதனால் தப்பித்துப் போகிறது.

டனல் இன்டர்ஃபேஸில் லேபிள் பரிமாறும் எல்டிபியை ஆன் செய்யும் 'எம்பிஎல்எஸ் ஐபி', மதுரையில் தொலைவு ரௌட்டரின் எல்டிபி அழைப்பை ஏற்கும் டார்கெட்டட் ஹலோ அக்செப்ட். இரண்டே வரி. எல்டிபி செஷன் எழுந்து, டனல் லேபிளுக்கும் விபிஎன் லேபிளுக்கும் நடுவில், மதுரைக்குப் புரிகிற ஒரு லேபிள் சேர்ந்தது, விபிஎன் உயிர் பெற்றது. அண்ணன் 'வை' என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

காலையில் அடுத்த புகார்: சின்ன மெயில் போகிறது, பெரிய ஃபைல் நிற்கிறது. 1500 பைட் பாக்கெட்டின் மேல் மூன்று லேபிள், ஒன்றுக்கு 4 பைட், ஆக 1512. பெங்களூரு லிங்க்கில் எம்டியு (அனுப்பக்கூடிய உச்ச பாக்கெட் அளவு) 1508.