கடலில் இருப்போருக்காக

காலைப் பிரார்த்தனைக்கு மணி அடித்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது பாட்டு எண் பலகையைத்தான். மாரிகாலத்தில் கடல் பெருகும் நாட்களில் பெரும்பாலும் ஒரே இலக்கம்தான் அதில் இருக்கும். வில்லியம் வைட்டிங் என்ற ஆங்கிலேயர் 1860இல் எழுதிய ஞானப்பாட்டு, கிறிஸ்தவர்கள் கோயிலில் சேர்ந்து பாடும் பாட்டு. கடலில் ஆபத்தில் இருப்போருக்காக நாங்கள் கூப்பிடும்போது கேட்டருளும் என்று முதல் மூன்று சரணமும் முடியும். எங்கள் வகுப்பில் இரண்டு பேரின் தகப்பன்மார் கடற்தொழிலுக்குப் போகிறவர்கள். அந்த வரி வரும்போது அந்த இரண்டு பேரும் புத்தகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நான் சைவப் பிள்ளை. வீட்டில் தேவாரம், பள்ளியில் இது. இரண்டும் வாய்க்குப் பழகிய பாட்டுகள். எங்கள் சங்கீத ரீச்சர் ஒரு நாளும் யாரையும் "நீ பாடாதே" என்று சொன்னதில்லை. குரல் இல்லாதவனும் பாடத்தான் இந்த மெட்டுகளை இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பார். ஒரு எழுத்துக்கு ஒரு சுரம், வரி முடிவில் மூச்சு விட இடம். 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்தாந்த மதச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், கிறிஸ்தவக் கோயிலில் சனங்கள் தங்கள் சொந்தப் பாஷையில் தாங்களே பாடவேண்டும் என்று நின்றவர். ரீச்சர் சொன்னதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

லண்டனுக்கு வந்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு ஓபரா, அதாவது மேடையில் பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய நாடகம், பார்க்கத் தொடங்கினேன். அது நேர் எதிரான கலை. வருடக்கணக்காகப் பழகிய ஒரு தனிக்குரல் முழு வாத்தியக் குழுவுக்கும் மேலாக எழும்பும். அதைக் கேட்க நாங்கள் இருட்டில் பேசாமல் இருப்போம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஞானப்பாட்டு வந்தால் என்ன நடக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

முதலில் கேட்டது மேயர்பியர் என்ற இசையமைப்பாளரின் 'லே யூகனோ' ஓபரா, இசைத்தட்டில். பாரிஸில் 1836இல் அரங்கேறியது. 1572இல் புராட்டஸ்தாந்தர்களை வெட்டிச் சாய்த்த பர்த்தலமேயு திருநாள் படுகொலைதான் கதை. கத்தோலிக்கப் பிரபுக்களின் விருந்துக்குள் மார்சேல் என்ற கிழவேலைக்காரன் நுழைகிறான். தன் எசமான் ராவுலுக்கு ஏதும் தீங்கு வந்துவிடுமோ என்ற பயத்தில், தேவனே எங்கள் கோட்டை என்னும் லூத்தரின் பாட்டை அடித்தொண்டையில் பாடுகிறான். கடைசி அங்கத்தில் கோயிலுக்குள் ஒளிந்திருக்கும் பெண்கள் அதே பாட்டைப் பாடுகிறார்கள். கொலைகாரர்கள் உள்ளே பாய்கிறார்கள், பாட்டு அறுந்துபோகிறது. சரித்திரப்படி இது பொருந்தாது. யூகனோக்கள் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்தாந்தர்கள் லூத்தரின் வழியில் அல்ல, கல்வின் என்ற வேறொரு சீர்திருத்தக்காரரின் வழியில் வந்தவர்கள், வேதாகமத்தின் சங்கீதங்களைப் பிரெஞ்சில் பாடியவர்கள். ஆனால் அரங்கில் இருந்த யாருக்கும் இது எந்தக் கூட்டத்தின் பாட்டு என்று உடனே விளங்கும். மேயர்பியருக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமானுக்கு இது பொறுக்கவில்லை. தனக்கு அருமையான ஒரு பாட்டை மேடையில் கத்த வைத்துவிட்டார்கள் என்று 1837இல் கோபமாக எழுதினார். ஞானப்பாட்டு என்றால் எழுந்து நிற்கப் பழகிய எனக்கு அந்தக் கோபம் விளங்குகிறது. ஆனாலும் அந்தப் பெண்களின் குரல் அறுபடும் இடத்தில் நான் மேயர்பியரின் பக்கம்தான்.

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'மைஸ்டர்சிங்கர்' ஓபரா நியூரம்பெர்க் நகரக் கோயிலில் ஒரு ஞானப்பாட்டோடுதான் தொடங்குகிறது. வரிக்கு வரி இடைவெளியில் ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் கண்ணால் பேசிக்கொள்வார்கள். அழகான இடம். ஆனால் அந்தப் பாட்டு வாக்னர் தானே செய்தது, யாரும் பாடி வளர்ந்தது இல்லை.

அப்புறம் ஆங்கில இசையமைப்பாளர் பென்ஜமின் பிரிட்டன். நோவாவின் வெள்ளத்தைப் பற்றி அவர் எழுதிய 'நோயீஸ் ஃப்ளட்' என்ற ஓபரா 1958 ஜூனில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியின் ஓர்ஃபோர்ட் கோயிலில் முதலில் நடந்தது. நோவா, அவர் மனைவி, கடவுளின் குரல் ஆகியவை பெரியவர்களுக்கு. மற்றபடி மேடையிலும் வாத்தியங்களிலும் நிறைந்திருப்பது பிள்ளைகள். இடையில் மூன்று ஞானப்பாட்டுகள் வரும். அவற்றைப் பார்க்க வந்த சனங்களும் சேர்ந்து பாடவேண்டும்.

என் பேத்தியின் பள்ளி அதை இங்கே ஒரு கோயிலில் நடத்தியது. அவளுக்குக் கிடைத்தது கோப்பைகள். ஆம், தேத்தண்ணிக் கோப்பைகள்தான். பல அளவுகளில், ஒரு கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மரக்கரண்டியால் அவள் மெல்லத் தட்டினாள். டிங்... டிங்... அது முதல் மழைத்துளி. அடியில் ஒரே சுர வரி திரும்பத் திரும்ப வர, அதன்மேல் காற்று, அலை, இடி என்று ஒவ்வொன்றாக ஏறிப் புயல் உச்சத்துக்கு வந்தது. அப்போது பேழைக்குள் இருந்தவர்கள் பாடத் தொடங்கினார்கள்.

எங்கள் மாரிகாலப் பாட்டு. ஜோன் டைக்ஸ் அதற்குப் போட்ட அதே மெட்டு. அந்த மெட்டுக்குப் பெயர் மெலிட்டா. வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய தீவு அது, இன்றைய மால்டா.

இரண்டாம் சரணத்துக்கு நடத்துநர் எங்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். எல்லோரும் எழுந்தோம். பக்கத்தில் நின்ற பெரியவர் தன் பாட்டுத்தாளை என் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன். மூன்றாம் சரணத்தில் ஓர்கன் முழுச் சத்தத்தோடு சேர, நான் பிடித்திருந்த வாங்கின் மரம் அதிர்ந்தது. கடலில் ஆபத்தில் இருப்போருக்காக என்ற வரி வந்தபோது, புத்தகத்தைப் பார்க்காமல் நின்ற அந்த இரண்டு பையன்களும் என் கண்முன் வந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் பாடினேன்.

புயல் வந்த வழியே திரும்பியது. இடி போனது, அலை போனது, காற்று போனது. மறுபடியும் கோப்பைகள் மட்டும். பேத்தி கடைசித் துளியைத் தட்டிவிட்டு, அந்தக் கோப்பை ஆடாதபடி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.