மூன்று கட்டுரைக்குப் போட்ட பென்சில் கோடு

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோயம்புத்தூருக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்கே மூன்று தடவை பஸ் ஏறி இறங்கின பிறகு, போன வாரம்தான் நியமன ஆணை கைக்கு வந்தது. தனியார் சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை. விண்ணப்பம், நெட் தகுதித் தேர்வுச் சான்றிதழ், பிஎச்.டி. பட்டம் எதிலும் தொந்தரவு இல்லை. என்னை அலைய வைத்ததெல்லாம் நான் எழுதின கட்டுரைகளும் ஒரு பணி அனுபவச் சான்றும்தான். இந்த வழியில் அடுத்து வருகிறவர்கள் அலையக் கூடாது என்று எழுதுகிறேன்.

முதல் தடவை போனது சான்றிதழ் சரிபார்ப்புக்கு. அலுவலக உதவியாளர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "ஏனுங் மேடம், இந்தப் பத்திரிகையெல்லாம் லிஸ்ட்ல இல்லீங்களே" என்றார். திருப்பூர்ச் சாய ஆலைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்த வழக்குகளைப் பற்றி 2021 முதல் 2023 வரை நான் எழுதிய மூன்று கட்டுரைகள். வெளியானபோது மூன்று இதழும், பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்றுக்கொண்ட ஆய்வு இதழ்களின் 'கேர்' பட்டியலில் இருந்தவை. ஆனால் 2025 பிப்ரவரியில் யுஜிசி அந்தப் பட்டியலையே கைவிட்டுவிட்டது. இல்லாத பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இதைச் சொன்னேன். அவர் ஸ்கேலை வைத்து, பென்சிலால், மூன்று கட்டுரை மேலும் நிதானமாக ஒவ்வொரு கோடு போட்டு, பக்கத்தில் மதிப்பெண் இடத்தில் சுழியம் எழுதினார். நொய்யலின் குறுக்கே இருக்கிற ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியிருக்கிற ஊர்களில் வெயிலில் நடந்து, கிணறு கிணறாகப் பார்த்து, விவசாயிகளிடம் வழக்குக் காகிதம் வாங்கி எழுதினது அது. அந்தக் கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

"ஸ்கோபஸ்ல இருந்தா கொண்டாங்க, உடனே ஏத்திக்கலாம்" என்று மட்டும் சொன்னார். ஸ்கோபஸ் என்பது உலக அளவில் ஆய்வு இதழ்களைத் தொகுத்து வைக்கும் ஒரு தரவுத்தளம். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவருக்கு மேலே இருக்கிறவர்கள் சொன்னதுதான் அது. கல்லூரிகளுக்கு மத்திய அரசு போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் சட்டத்துக்கென்று 2018இல் தனிப் பட்டியல் வந்தது. அதில் ஆய்வு மதிப்பெண்ணுக்கு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களில் இருக்கிற கட்டுரைகளைத்தான் எண்ணுகிறார்கள். நம் நாட்டுச் சட்ட இதழ்களில் பெரும்பாலானவை அதற்குள் கிடையாது. வேதியியல்காரருக்கு அளந்த படியால் வக்கீலையும் அளக்கிறார்கள். கல்லூரி ஆள் எடுக்கும்போதே அந்தக் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாவது தடவை பணி அனுபவச் சான்று விஷயம். முன்பு வேலை பார்த்த கல்லூரியில் கொடுத்த சான்றில், நான் சேர்ந்த ஆண்டு 2021 என்பதற்குப் பதில் 2022 என்று தட்டச்சாகியிருந்தது. வாங்கும்போது நான் பார்க்கவில்லை. ஓராண்டுக்கு 2 மதிப்பெண், சும்மா போய்விடும். திருத்தி வாங்கலாம் என்று அங்கே போனால் முதல்வர் விடுப்பு, முத்திரை அவர் அறைக்குள் பூட்டியிருக்கிறது, "திங்கட்கிழமை வாங்கம்மிணி" என்றார்கள். அந்தத் திங்கட்கிழமையும் போனேன், கையெழுத்து ஆனது, ஆனால் தேதி போட மறந்துவிட்டார்கள். அந்தத் தேதி இல்லாமலேயே கோயம்புத்தூர் போய், வாசலோடு திரும்பி வந்தேன். சான்று எதை வாங்கினாலும் அந்த மேசையை விட்டு நகருவதற்கு முன் சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, கையெழுத்துத் தேதி மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள்.

மூன்றாவது தடவை சும்மா போகவில்லை. யுஜிசியின் 2018 விதிமுறையை அச்செடுத்து, கல்லூரிகளுக்கான 3பி அட்டவணைப் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டுக் கொண்டுபோனேன். அதில் ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், மொத்தம் 6க்கு மேல் கிடையாது. சக அறிஞர் மதிப்பீடு செய்யும் இதழ் அல்லது யுஜிசி பட்டியல் இதழ் என்றுதான் இருக்கிறது. 'அல்லது' என்ற அந்த ஒரு சொல் போதும் எனக்கு. ஸ்கோபஸ் என்ற பேச்சே அங்கே இல்லை. கூடவே, என் கட்டுரைகள் அப்படி மதிப்பீடு செய்யப்பட்டவை என்று காட்ட, மதிப்பீட்டாளர்கள் கேட்ட திருத்தங்கள் இருந்த மின்னஞ்சல்களையும் அச்செடுத்து வைத்தேன். உதவியாளர் இரண்டு தடவை படித்தார், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார், அழிப்பானை எடுத்து மூன்று கோட்டையும் அழித்து 6 என்று போட்டார். "இதைய முதல்லயே கொண்டு வந்திருக்கலாமுங்க மேடம்" என்றார். பரவாயில்லை. காந்திபுரத்தில் இறங்கி அன்றைக்கு நிம்மதியாக ஒரு காபி குடித்தேன்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இந்த மதிப்பெண்ணெல்லாம் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும்தான். தேர்வு முழுக்க நேர்காணலை வைத்து என்று அதே விதிமுறை சொல்கிறது. அதனால் முதல் பட்டியலில் கீழே இருந்தாலும் மனம் விட்டுவிடாதீர்கள்.

நேர்காணலில் முதல் கேள்வியே "ஸ்கோபஸில் எத்தனை?" ஒன்றும் இல்லைங்க சார் என்றேன். கல்லூரியின் பெயரை உயர்த்த என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி. 2022 நவம்பரில் யேல், ஹார்வர்டு சட்டப் பள்ளிகள் இரண்டும் ஒரே நாளில் அமெரிக்காவின் பிரபலமான சட்டப் பள்ளித் தரவரிசையிலிருந்து விலகிக்கொண்டதைச் சொன்னேன். அவர்களுக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, விலகலாம், நமக்கு முடியாதும்மா என்றார் ஒரு பேராசிரியர். அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கள் பக்கத்துக் கல்லூரி எதுவும் தரவரிசைப் பட்டியலைப் புறக்கணித்துவிட்டுப் பிழைக்க முடியாது. ஆனால் பட்டியலுக்காகவே ஆள் எடுத்தால், கோர்ட்டில் நின்று பேசத் தெரிந்த மாணவரை யார் உருவாக்குவது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

பிறகு மாதிரி வகுப்பு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு. வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதில் தொடங்கினேன், வகுப்பு அசையவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதற்கு வந்தேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, "மேடம், எங்கப்பா அப்பத்தான் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்தாருங்க" என்றான். பக்கத்திலிருந்த பெண், "எங்க தாத்தா கெணத்துத் தண்ணிய மாடுகூட குடிக்காதுங்க" என்றாள். இருவரையும் எதிரெதிராக நிறுத்தி வாதாட விட்டேன். பதினைந்து நிமிடம் என்று சொன்ன வகுப்பு நாற்பது நிமிடம் போனது, தேர்வுக் குழுவில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: இரண்டு ஆண்டுக்குள் இரண்டு ஸ்கோபஸ் கட்டுரை. எழுதுவேன். ஆணை வந்த விஷயம் எப்படித் தெரிந்ததோ, பணம் கட்டினால் போட்டுத் தருகிறோம் என்று இரண்டு பேர் போனில் கூப்பிட்டுவிட்டார்கள். அப்படி யாராவது கேட்டால் ஐந்து பைசா கொடுக்காதீர்கள். இதழின் பெயரை ஸ்கோபஸ் தளத்திலேயே இலவசமாகத் தேடலாம், நீக்கப்பட்ட இதழ்களும் அங்கே தெரியும்.

வக்கீலாகப் பதிவு செய்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டம் சொல்லிக்கொடுத்தால் தொழிலையும் தொடரலாம். முழுநேர வேலை என்றால் பார் கவுன்சிலில் பதிவை நிறுத்தி வைக்க எழுதிக் கொடுக்க வேண்டும். என் விண்ணப்பம் நேற்றுத்தான் விரைவுத் தபாலில் போனது, ஒப்புகைக்குக் காத்திருக்கிறேன். தேதியோடு ஒரு நகல் எடுத்து, அந்த மஞ்சள் கோடு போட்ட பக்கத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.